கழுவக் கூடாத கல்

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அறுபதுகளின் தொடக்கத்தில், ஆஸ்பத்திரிக்கும் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் கட்டினார்கள். அந்தக் கழிவு நேராக ஓடையில் விழுந்தது. கீழே, கீழ்க்கணக்கு என்ற பிரிவில், லயத்து வரிசை வீடுகளின் சனங்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்த தகரப் பீலி அதே ஓடையிலிருந்துதான் வந்தது. காய்ச்சலும் கழிச்சலும் பரவிய பிறகே தோட்டத்துத் துரை மூன்று தொட்டி கட்ட உத்தரவு போட்டார்.

கட்டியவர் சிங்களக் கொத்தனார் ஒருவர்; பாஸ் என்போம். முதல் தொட்டியில் மண்டி தங்கும். இரண்டாவதில் நிறைய கருங்கல். கழிவுநீர் அதன்மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். மூன்றாவதில் தெளிந்து ஓடைக்குப் போகும். பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு கல்லின்மேல் வழுவழுவென்று பாசி படிந்திருந்ததைக் காட்டி பாஸ் சொன்னார்: "இது கழுவ வேணாம். இதுதான் அழுக்கைத் திங்கிறது. கழுவினா தொட்டி செத்துப் போச்சு."

ஆறு மாதத்தில் ஓடை நாற்றம் போயிற்று. கீழ்க்கணக்கில் கழிச்சல் நின்றது. எங்களுக்குக் கிடைத்த நன்றி என்ன தெரியுமா? பீலியில் என் மனைவியை வரிசையில் நிற்கவிடவில்லை. எல்லோரும் பிடித்து முடிந்த பிறகுதான் அவள் குடம் வைக்க வேண்டும். "கக்கூஸ் கழுவுறவன் பொண்டாட்டி கொடம் எங்க கொடத்துல படக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

கொழும்பிலிருந்து கம்பனிப் பெரிய துரைமார் வருகிறார்கள் என்று சேதி வந்த வாரம், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தொட்டிப் பக்கம் வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கல்லை எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது, பாசி புடிச்சுக் கெடக்கு. சுண்ணாம்பு போட்டுத் தேச்சுக் கழுவு."

"கழுவக் கூடாதுங்கய்யா. பாஸ் சொல்லிட்டுப் போயிருக்காரு. தண்ணி கெட்டுப் போயிரும்."

"பாஸா ஒனக்கு வேல குடுத்தான்? நாளைக்குள்ள வெள்ளையா இல்லேன்னா ஒம் பேரு, ஒம் பொண்டாட்டி பேரு, ரெண்டையும் வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் வேலையோடு, குடியிருக்கும் லயக் காம்பிராவும் போய்விடும். இரண்டு நாள் தேங்காய்த் தும்புக் கட்டையால் தேய்த்தேன். ஒவ்வொரு கல்லும் பல்லைப் போல வெளுத்தது. வந்த துரைமார் பங்களாவில் தின்றுவிட்டுப் போனார்கள். தொட்டிப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஓடை மறுபடி நாறியது. நான் கீழ்க்கணக்குக்கு ஓடினேன். "தண்ணி கெட்டுப் போச்சு. காய்ச்சாமக் குடிக்காதீங்க" என்று வாசல் வாசலாகச் சொன்னேன். ஒருவரும் கதவைத் தாண்டி வரவில்லை. ஒருவன் மட்டும் சொன்னான்: "நீ வந்து எங்களுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லிக் குடுக்கிறியா? போடா." பின்னால் ஒரு கல் வந்து என் முதுகில் பட்டது.

அன்று எனக்கு வந்த கோபத்தில் அவர்கள் குடித்துச் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லவில்லை. பாதி வழி திரும்பியும் விட்டேன். ஆனால் மேலிருந்து பார்த்தபோது, பீலியடியில் ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இறங்கிப்போய் பீலித் தகரத்தைப் பிடுங்கி, காலால் மிதித்து நசுக்கி, தேயிலைக்குள் எறிந்தேன்.

அடித்தார்கள். உதடு கிழிந்தது. அதன்பின் தண்ணீருக்கு அவர்கள் மேட்டு ஊற்றுக்கு ஏற வேண்டியிருந்தது. ஏறி இறங்கிய ஒவ்வொரு நடைக்கும் என்னைத் திட்டினார்கள்.

தோட்டச் சாமானை உடைத்ததற்காக என்னை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் துரை முன்னால் நிறுத்தினார்கள். கண்டாக்கு பக்கத்திலேயே நின்றார்.

"கல்லக் கழுவச் சொன்னது இந்த ஐயாதாங்க" என்றேன்.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்ல" என்றார் கண்டாக்கு, என் கண்ணைப் பார்த்தபடியே. துரை அவரை நம்பினார். எனக்கு இரண்டு வாரம் வேலை கொடுக்காமல் நிறுத்திவைத்தார்.

கல்லில் பாசி திரும்பப் படிய ஒரு மாதத்துக்கு மேலானது. தண்ணீர் தெளிந்ததும் புதுத் தகரம் மாட்டினேன். குடங்களோடு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். என் மனைவி முன்பு போலவே கடைசியில்தான் நின்றாள்.

மறுவருடம் கண்டாக்கு ஐயா பெரிய பதவியில் ராகலைப் பக்கம் போனார். மாலை போட்டார்கள். அவருடைய பெட்டியை லொறியில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் பார்க்க, நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.