பெயருக்குப் பின்னால் ஒரு பி.ஏ.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் தொங்கியாக வேண்டும். கல்லூரிப் படியை மிதித்தவனெல்லாம் பி.ஏ.தான், பாஸா என்று அச்சகத்தில் எவன் கேட்கிறான்? என் பத்திரிகையிலும் அப்படியே போட்டார்கள். எனக்கு இரண்டு பாடம் பாக்கி இருந்தது. எழுதி முடித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். முடிக்கவே இல்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே குடும்பம் நடத்தினேன்.

மகள் பிளஸ் டூ முடித்தாள். கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் இடமும் கிடைக்கும்போல இருந்தது. தபால் ஆபீசில் அவள் பெயரில் மாதாமாதம் போட்டு வந்தது விடுதிக்குச் சரியாக இருக்கும். புத்தகத்துக்கும் மற்றதுக்கும் மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதாகப் பேச்சு. காரைக்குடி டைல்ஸ் கடைச் சம்பளத்தில் அதற்குமேல் ஒன்றும் நடக்காது. படிப்புக் கட்டணத்துக்குத்தான் வழியில்லை. வீட்டில் யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் அதில் அரசு சலுகை தரும். அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். 'ஏதோ சலுகைக்கு' என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு நானே விண்ணப்பித்தேன்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. எங்களை வரச்சொன்னார். தனியாகப் போய் வந்துவிடலாம் என்று பார்த்தேன். மகள் படிப்பு விஷயமாயிற்றே, மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். மகளும் வந்தாள். சான்றிதழைப் பதிவேற்ற மறுநாள்தான் கடைசி.

"வீட்டுல டிகிரி முடிச்சவுக யாராச்சும் இருக்காகளா?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "இவுக பி.ஏ. சார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப மகளுக்கு எப்படிங்க முதல் பட்டதாரி? பொய் சொல்லி வாங்குனா பின்னால கேஸாயிரும், பாத்துக்கங்க."

மகள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் என் மானம் பிழைக்கும். அவள் படிப்பு போய்விடும். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

"இல்ல சார். ரெண்டு பாடம் பெயில். முடிக்கவே இல்ல" என்றேன். விண்ணப்பத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மதிப்பெண் பட்டியலை மேஜையில் வைத்தேன்.

வி.ஏ.ஓ. எடுப்பதற்கு முன்னால் அதை மனைவிதான் எடுத்தாள். வரி வரியாகப் படித்தாள். பிறகு அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பார்த்துவிட்டு, பரிந்துரைத்து மேலே அனுப்புவதாகவும் சாயங்காலத்துக்குள் சான்றிதழ் வந்துவிடும் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள் தோழிக்கு போன் போடத் தள்ளிப் போனாள். நான் மனைவியிடம், "மன்னிச்சிரு. அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"காலேஜ்ல ரெண்டாவது வருசம் படிக்கையில என்னைய நிறுத்துனாக," என்றாள். "பட்டதாரி மாப்பிள்ளைய விட்டா கிடைக்காதுன்னு எங்கப்பா சொன்னாக. நானும் அழுதுட்டுச் சரின்னேன்."

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க வகுப்புல நாந்தான் முதல் மார்க்கு."