செல்போன் கேட்ட விடுதிப் பெண்கள்

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஓசூரில் எங்கள் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. சாராயக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போய் வந்தவள் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுதியிலிருந்து மூன்று பெண்கள் சங்கத்துக்கு வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. வார்டன் எல்லோருடைய செல்போனையும் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாளாம்.

"ஒரு மனு எழுதித் தாங்கக்கா" என்றாள் அவர்களில் ஒருத்தி, காவேரிப்பட்டினத்துப் பெண்.

"உங்களுக்கு எதுக்குடி போன்? எவன்கூடப் பேச?" என்று கேட்டுவிட்டேன். அங்கிருந்த என் வயதுச் சங்கத்துக்காரிகள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "போன வாரம் எங்க ரூம்ல ஒருத்திக்கு வலிப்பு வந்துச்சு. வெளி கேட்டைப் பூட்டியிருந்தாங்க. யாருக்குச் சொல்றது? நீங்களும் வார்டன் மாதிரியேதான் பேசறீங்க."

சுருக்கென்றது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. "சம்பளம், லீவுன்னு ஏதாவது இருந்தா வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஷிப்டு பஸ்ஸில் ஒருத்தியும் ஏறவில்லை. விடுதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடினேன். போலீஸ் ஜீப் நின்றிருந்தது. பழக்கத்தில் முன்னால் போய்க் கோஷம் போடக் கையைத் தூக்கினேன். காவேரிப்பட்டினத்துப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நாங்களே பேசிக்கறோம். இருக்கறதுன்னா உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். "அம்மா, நீங்க பெரியவங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா எழுந்துடுவாங்க."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். காவேரிப்பட்டினத்தாளின் கண்ணில் என்மேல் துளி நம்பிக்கையில்லை.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல சார். அவங்களையே கேளுங்க." என்றேன்.

மத்தியானம்வரை வெயிலில் இழுத்தடித்துவிட்டுப் போன்களைக் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த மாதமே காவேரிப்பட்டினத்துப் பெண்ணுடைய காண்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் ஊருக்கு அனுப்பினார்கள். இந்த முறை நானே மனு எழுதி லேபர் ஆபீசுக்கு அலைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளிடம், "சங்கத்துக்காவது வந்துட்டுப் போம்மா" என்றேன்.

"அங்க எங்க வயசுல யாருக்கா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினாள்.

விடுதிப் பெண்கள் இரண்டு பேரைச் செயற்குழுவில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. என்னோடு ஜெயிலில் இருந்த தோழி எதிர்த்துக் கை தூக்கினாள். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.