ரோஜாப் பாத்திக்கு முப்பது அடி

எங்கள் பக்கம் பூங்கா வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கும் அத்தை மகளுக்கும் சோறு இறங்கவில்லை. இருவருக்கும் ஒன்பது வயது. செங்கல் சுடும் காளவாசலுக்குப் போகும் பாதையோரம் ஒரு தரிசு. அதில் என்னென்ன அமைப்பது என்று முடிவுசெய்ய ஒரு கமிட்டி. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் அதன் தலைவர். நிலத்தை அளந்து படம் போட்டவர் சர்வேயரான என் சித்தப்பா.

படத்தைத் தரையில் விரித்து எங்களுக்குக் காட்டினார். தலைவர் ஆசைப்பட்டபடி முப்பது அடி அகலத்தில் ரோஜாப் பாத்தி. பையன்களுக்குச் சடுகுடுக் களம். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு அடி சும்மா கிடந்தது.

"பொம்பளப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல்?" என்றேன்.

"கேட்டுப் பாத்துட்டேன் ஆத்தா. இம்புட்டு எடத்துல வீசி ஆடுனா காலு ரோசாச் செடியில போயி இடிக்கும். இன்னும் ஆறடி வேணும். தலைவரு ஒரு சாண் விடமாட்டேங்குறாரு."

மறுநாள் பள்ளி விட்டதும் தரிசுக்கு ஓடினோம். சும்மா கிடந்த இடத்தின் பக்கம் பாத்தியின் ஓரத்தைக் காட்ட நான்கு முளைக்குச்சிகள் அடித்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் அசைத்துப் பிடுங்கி, என் பாதத்தை ஒட்டி ஒட்டி எட்டு முறை வைத்து அளந்து பாத்திக்குள் தள்ளி நட்டோம். பழைய குழிகளில் அத்தை மகள் மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

"வெரசா அடிடி, ஆளு வருது!" என்றாள்.

வந்தது ஓர் எருமை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அடுத்த நாள் காலை தலைவர் வந்தார். வேலி போடும் ஆட்கள் கம்பிச் சுருளோடு காத்திருந்தார்கள்.

"அளவு தப்புச்சுன்னா ஒம்ம மேல கலெக்டர் தொரைக்கே மனுப் போட்டுருவேன்" என்று சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். போடக்கூடியவர்தான்.

சித்தப்பா டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்துப் பாத்தியின் மறு ஓரத்தில் பிடிக்கச் சொன்னார். தோல் உறையிலிருந்து நாடா சரசரவென்று நீண்டது. நாங்கள் நட்ட முளையருகே அவர் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எம்புட்டு இருக்கு?" என்றார் தலைவர்.

"முப்பதுங்கய்யா. சரியா இருக்கு."

சொல்லி முடிக்குமுன் பித்தளைக் கைப்பிடியைச் சுற்றினார். நாடா என் விரலை உதறிவிட்டு ஓடியது. முளையை ஒட்டியே வேலி எழுந்தது. ஊஞ்சலுக்கு இடம் போதும்போல இருக்கிறது என்று சித்தப்பா சொன்னதற்கு, ரோஜா நினைப்பில் இருந்த தலைவர் தலையை ஆட்டிவிட்டார்.

"மாமாவுக்குக் கண்ணாடி போடணும்டி" என்று அத்தை மகள் என் காதைக் கடித்தாள். எனக்கும் சித்தப்பாவை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

ஊஞ்சல் மாட்டிய அன்று முதலில் நான்தான் ஏறினேன். சித்தப்பா பின்னாலிருந்து தள்ளினார்.

"பயப்படாம வீசி ஆடு ஆத்தா. அஞ்சே முக்காலடி கூடக் கெடச்சிருக்குல்ல."

மேலே போனபோது செங்கல் சூளைப் புகை என் கால்விரலுக்குக் கீழே தெரிந்தது. "இன்னும் ஒசரமாத் தள்ளுங்க!" என்று கத்தினேன். அது எந்த அஞ்சே முக்காலடி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.