திருஷ்டி பொம்மைக்கு மீசை வைத்த கதை

தொண்ணூற்றொன்றாம் வருடம் எங்கள் வடக்குப்பட்டுப் பக்கம் பால்வாடி கட்ட மெட்ராஸிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். கட்டடப் படிப்பு படிக்கிறவர்கள். காகிதத்தில் வரைந்தால் மட்டும் போதாது, கையால் கட்டிப் பழக வேண்டும் என்று அவர்களுடைய சார் அனுப்பியிருந்தார். ஊர் இடம் கொடுத்தது. என் வீட்டுக்காரர் மேஸ்திரி. நானும் இன்னும் ஏழு பெண்களும் சித்தாள்.

பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு நாலு பேர் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். "கல்யாணப் பொண்ண பாக்கறா மாரி பாக்காதீங்கப்பா, அடுத்த கல்ல எடுங்கோ" என்று இவர் கத்துவார்.

அதில் கண்ணாடி போட்ட ஒரு பெண். வேலையில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். தளம் போடும் நாளில் சார் நேரில் வருவார். ஒரு தலை ஹெல்மெட் இல்லாமல் இருந்தாலும் வேலையை நிறுத்திவிடுவார், அந்தப் பாடத்தில் அவள் பெயில். பாவம், அதை நினைத்துச் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனேன். கட்டடத்தின் முன்னால் கம்பத்தில் ஒரு பொம்மை. பழைய பேண்ட் சட்டைக்குள் வைக்கோல், காலில் பூட்ஸ், கையில் உறை, தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெட்ராஸ் பிள்ளைகளுக்குக்கூட திருஷ்டி பொம்மை கட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறதே! ஆனால் அரைகுறையாக விட்டிருந்தார்கள். முகமே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அடுப்புக் கரி எடுத்து வந்தேன். முழிக்கிற கண், முறுக்கு மீசை, தொங்குகிற நாக்கு எல்லாம் வரைந்தேன். கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துப் போட்டேன். எல்லாக் கண்ணும் இதன்மேலேயே போகட்டும் என்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் பொம்மையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"அக்கா, இது யார் பண்ணது?"

"நாந்தான் பாப்பா. மீச நல்லா கீதா?"

"ஐயோ அக்கா! வேலை செய்யறவங்க எப்படி டிரஸ் போடணும்னு காட்டறதுக்கு வெச்ச பொம்மைக்கா அது!"

அதற்குள் மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். அவள் கொண்டுவந்திருந்த சாக்கைப் பிரித்து ஆளுக்கொரு ஹெல்மெட் நீட்டினாள். ஒருத்தியும் கை நீட்டவில்லை. எங்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி முன்னால் வந்தாள்.

"இன்னா பாப்பா, ஊர் கண்ணெல்லாம் அந்த பொம்ம மேல கீது. அது போட்டுகினு கீறா மாரியே எங்க தலைலயும் மாட்றியே, நாயமா?"

"மேலேருந்து கல் விழுந்தா மண்டை உடையும்க்கா!"

"கல்லு வுந்தா என் ஒரு மண்ட. கண்ணு பட்டா என் வூடே பூடும்."

"அப்ப பொம்மையைக் கழட்டிடறேன்."

எல்லோரும் ஒரே குரலாய் அலறினார்கள். கட்டிய பொம்மையைக் குடிபோகும் முன் கழற்றுவதா? கட்டடத்துக்கே ஆகாதே! என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ரசமட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகச் சுவருக்கு மட்டம் பார்த்தார்.

அந்தப் பெண் மணல் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. 'வல்லக்கோட்டை முருகா, கண் படக்கூடாது என்று எதையோ செய்து ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே. நீயே ஒரு வழி காட்டு' என்று அழுதேன்.

வழி காட்டினான். அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பொம்மை போட்டிருப்பதைப் போலத் தலையில் வைக்கத்தானே பயம்? பூஜையில் வைத்ததை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, கடப்பாரை வரிசையில் ஹெல்மெட்டுகளையும் கழுவி வைத்தேன்.

"இன்னாம்மே, குண்டானெல்லாம் கவுத்து வெச்சிகினு கீற?" என்றார் இவர்.

"இதுவும் ஆயுதந்தாங்க. தலய காக்கிற ஆயுதம்."

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்தேன். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். துடுக்குக்காரி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தலையில் கவிழ்த்தாள். அவ்வளவுதான், மற்றவர்களும் வந்தார்கள். "கீய வெக்காதீங்கடி, பூஜ பண்ணது" என்று அவளே அதட்டவும் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. தளம் போட நல்ல நாள். சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாங்கள் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தலையிலும் ஹெல்மெட், ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் பொட்டு. சார் எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சார் ஏணியில் கால் வைத்தார்.

"சார், உங்க தல?" என்றாள் துடுக்குக்காரி.

சார் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சாக்கும் காலி. சுற்றுமுற்றும் பார்த்தவர், நேராகப் போய்ப் பொம்மையின் ஹெல்மெட்டைக் கழற்றித் தம் தலையில் மாட்டிக்கொண்டார்.

எல்லோர் கையும் அப்படியே நின்றது. ஊர்க்கண் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்ட மனுஷர் புதுத் தளத்தில் கால் வைப்பதா? பெண்கள் இறங்கிவிட்டார்கள். மெஷினில் கலவை சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இறுகிவிடும். "எத்தினி மூட்ட சிமெண்டு!" என்று இவர் தலையில் கை வைத்தார். அந்தப் பெண் சாரைப் பார்க்கிறாள், நோட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

நான் டீ போடுகிற அடுப்பிலிருந்து நெருப்பும், கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு சார் எதிரில் போய் நின்றேன்.

"கெயக்கால பாத்து நில்லுங்க சார்."

"எதுக்கும்மா?"

"உங்குளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அதுக்குத்தான்."

யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்றுதானே அவரும் வந்திருக்கிறார். கிழக்கே பார்த்து நின்றார். மூன்று முறை சுற்றினேன்.

"இதுல துப்புங்க சார்."

"பிள்ளைங்க முன்னாடியா?"

"மூணு தபா."

துப்பினார். நெருப்பில் போட்டேன். மிளகாய் கருகியது, துளி நெடி இல்லை. ஒருத்தருக்கும் தும்மல்கூட வரவில்லை. பட்டிருந்த கண்ணெல்லாம் கழிந்தது என்று அர்த்தம். "பாத்தியா, இன்னா கண்ணு, இன்னா கண்ணு!" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் வரிசைக்கு ஏறினார்கள்.

"சார், இதையும் நோட்டில எழுதணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம். மெஷினை நிறுத்தாம பாத்துக்கோ" என்றார் சார்.

பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது. ஒரு கீறல் இல்லை ஒருத்தருக்கும். முருகன் புண்ணியம். சார் நோட்டில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது படிக்கத் தெரியாது. அந்தப் பெண் ஓடிவந்து சிமெண்டுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டதில் புரிந்துகொண்டேன்.

சார் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். கிளம்பாமல் என் பக்கம் திரும்பினார். தலையைத் தொட்டுக்காட்டி, தணிந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா, இதை இப்ப கழட்டலாமா?"

"வூட்டுக்குப் போயி கால் கயுவிட்டு கயட்டுங்க சார்" என்றேன்.

அப்படியே போட்டுக்கொண்டு ஒரகடம் ரோட்டில் போனார்.