கடைசிப் பக்கம் சொன்னபடி

வில்லாபுரத்தில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டி, எதைப் படிப்பது என்று தானாக முடிவு செய்தவரே இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘எங்கள் பிற வெளியீடு’ என்று ஒரு பெயர் போட்டிருக்குமே, அதை விளம்பரம் என்று நாமெல்லாம் தாண்டிப் போய்விடுவோம். ஜெயபாண்டி அதை எழுதியவரே சொல்லும் யோசனையாக எடுத்துக்கொண்டார். இவ்வளவு எழுதிய மனுஷன் கடைசியில் சும்மா ஒன்றைச் சொல்லுவாரா?

முதலில் வாங்கியது மூலநோய்க்கு வீட்டு வைத்தியம். அது தேவைக்கு வாங்கியது. அதன் கடைசிப் பக்கம் ஒரு நாவலைச் சொன்னது. மூலத்துக்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. மருந்தோடு சேர்ந்தது போலும் என்று வாங்கிப் படித்தார். மூலம் அப்படியே இருந்தது. நாவல் ஆளை அடித்துப் போட்டுவிட்டது.

அதில் தாமரைச்செல்வி என்று ஒருத்தி. புருஷனோடு வாழ முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் ஸ்டேஷனுக்கு வருகிறாள். டிக்கெட் எடுக்கிறாள். ரயிலும் வருகிறது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். ஏன் என்று சொல்லாமலே ‘முற்றும்’ போட்டுவிட்டார்கள்.

அன்றோடு ஜெயபாண்டிக்கு நிம்மதி போயிற்று. யாரிடமாவது இதைப் பேசியே ஆகவேண்டும். ஆனால் அந்த நாவலைப் படித்த ஒரு ஆள் மதுரையில் அவருக்குக் கிடைக்கவில்லை. மனைவி கனகலட்சுமியிடம் கதையைச் சொல்லிப் பார்த்தார்.

“அடுப்புல எதையாச்சும் வச்சுட்டு வந்துருப்பா” என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

நாவலின் கடைசிப் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பைப் படிக்கச் சொன்னது. விடை அதில் இருக்கலாம் என்று படித்தார். விடை இல்லை, மாடியில் கோழிகள்தான் வந்து சேர்ந்தன. கோழிப் புத்தகம் கைரேகைக்கு அனுப்பியது, கைரேகை வாழைச் சாகுபடிக்கு அனுப்பியது. எதிலும் தாமரைச்செல்வியைப் பற்றிப் பேச்சில்லை. வாழையின் கடைசிப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது.

அதற்குமேல் பொறுக்காமல், மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த பதிப்பகத்துக்கே போய்விட்டார்.

“அடுத்து எதப் படிக்கணும்னு வாழையில போடலையே சார்” என்றார்.

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அண்ணே, அது எது விக்காமக் கெடக்கோ, அதப் போடுற எடம். வாழையில போட விட்டுப்போச்சு.”

“அப்ப அந்த நாவலு?”

“அதுதான் அம்புட்டுக்கும் மூத்தது. பின்னால பாருங்க, கட்டுக் கட்டாக் கெடக்கு. எழுதுனவரும் போய்ச் சேந்துட்டாரு.”

“நீங்க படிச்சிருக்கீங்களா?”

“எல்லாத்தையும் படிச்சா எப்பண்ணே அச்சடிக்கிறது?”

போகாத சரக்கு என்றால் என்ன என்று ஜெயபாண்டிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலமானால் வாடின கத்தரிக்காயை நல்லதோடு கலந்து தள்ளிவிடுகிற ஆள்தான் அவரும். ஆனால் தாமரைச்செல்வி வாடல் இல்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்.

பழைய பேப்பருக்குப் போக இருந்த அந்தக் கட்டுகளை அதே விலைக்கு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து காய் வாங்குகிறவர்களுக்குக் கறிவேப்பிலை, மல்லித்தழையோடு ஒரு நாவலும் கொசுறாகக் கிடைத்தது. ஒருவர் நாவலைத் திருப்பிக் கொடுத்து, இதற்குப் பதில் நாலு பச்சை மிளகாய் போடுங்கள் என்றார். போட்டார்.

“கோழியாச்சும் முட்ட போட்டுச்சு” என்றாள் கனகலட்சுமி.

கட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. தாமரைச்செல்வியைப் பற்றிக் கேட்டு யாரும் வரவில்லை. கடைசிக் கட்டைப் பிரித்த வாரம், அடுத்த தெருவில் சுங்குடிச் சேலை விற்கும் ரங்கநாயகி பை எதுவும் இல்லாமல் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, கடைசிப் பக்கத்துல கோழி வளர்ப்பு படிக்கச் சொல்லிருக்காரே, அது இருக்கா?”

ஜெயபாண்டி கல்லாவுக்குக் கீழிருந்து தன் பிரதியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவள் போகவில்லை.

“அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். டிக்கெட்டெல்லாம் எடுத்துட்டாளே, அவ எதுக்குண்ணே திரும்பி வந்தா?”

ஜெயபாண்டி தராசில் கிடந்த வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. எனக்குந் தெரியல” என்றார்.

அவர் இத்தனை சந்தோஷமாக எதையும் சொல்லி, பக்கத்தில் மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்த கனகலட்சுமி கேட்டதில்லை.