ஓட்டை போட்ட நாற்காலி

ஜெகநாதனுக்கு ஒரு யோசனை வந்தால், அது வேலையாக மாறுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். புத்தூரில் டென்ட் ஹவுஸ் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு. ஒருநாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த நாற்காலிகளில் ஒன்று உட்காரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. தூக்கிப் போடப் போனவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தைத் தேடினார்.

எல்லாம் மனைவி கோவிந்தம்மாளுக்காகத்தான்.

கார்வேட்டிநகரம் போகும் வழியில், குன்றுச் சரிவில் ஒரு மாந்தோப்பு. அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. காய் பிடித்துவிட்டால் காவல் இருக்க வேண்டும். பகலில் குரங்கு, இருட்டினால் பன்றி. கரண்ட் கிடையாது, கக்கூஸ் கிடையாது. தண்ணீர் கீழே கிணற்றில் மட்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து காய்ப்பருவம் முழுக்க இருவரும் தோப்புக் கொட்டகையில்தான் தங்குவார்கள். ஊரில் வாயே திறக்காத கோவிந்தம்மாள் அங்கே போனால் மரத்துக்கு மரம் நின்று பேசுவாள்.

மூட்டு தேய்ந்தபின் அது நின்றுபோனது. முறிந்த எலும்புக்குக் கட்டுப்போட எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்கும் ஊர்தான் புத்தூர். தேய்ந்த மூட்டுக்கு அங்கேயும் வழியில்லை. புதர் மறைவில் குந்த முடியாது. குந்தினால் எழ முடியாது. மூன்று பருவமாக அவள் வீட்டில், அவர் தோப்பில். இந்த வருஷம் அவளை அவள் மண்ணில் தங்கவைத்தே தீருவது என்று இறங்கிவிட்டார்.

மகள் யாமினி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் இன்ஜினியர். அவளுக்கு போன் போட்டார். குழி வேண்டாம் என்றாள் அவள். கொஞ்சம் தோண்டினாலே பாறை. போதாததற்குக் கிணறு சரிவின் கீழே, குழியில் ஊறுவது அதில் போய் இறங்கும். ஓட்டை போட்ட நாற்காலிக்கு அடியில் பக்கெட் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மேலே மரத்தூள் போட்டு மூட வேண்டும். நிறைந்தால் வேலி கட்டிய மூலையில் கொட்டி, சருகு போர்த்தி ஒரு வருஷம் விட்டுவிட்டால் மண்ணாகிவிடும். அதை மாமரத்துக்குப் போடலாம்.

"ஒரு வருசமா?" என்று மட்டும் கேட்டார். பொறுத்திருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

நாற்காலி தாங்குமா என்று பார்க்க, கடையில் லோடு ஏற்றும் ரமணாவைக் கூப்பிட்டு வாசலிலேயே உட்காரவைத்தார். தெருவில் அவனைவிடக் கனமான ஆள் கிடையாது. கூட்டம் கூடியது. எதிர்வீட்டு லட்சுமம்மா என்ன விஷயம் என்று கேட்க, கையைக் காலை ஆட்டி எல்லாவற்றையும் விளக்கினார். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி கோவிந்தம்மாளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"யாமினி நைனா, இதையுமா தெருவுல சொல்லிக்கினு வரணும்? நாளைக்கு நான் எப்படி மூஞ்சியக் காட்டறது?"

"இங்க எதுக்குக் காட்டற? தோப்புக்கு வந்துடு."

வந்தாள். நாற்காலியைச் சுற்றி மூன்று பக்கம் தார்ப்பாய். முன்னால், மணமேடைக்குப் பின்னால் கட்டுகிற சிவப்பு ஜரிகைத் திரை. அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தங்கினாள். மரங்களோடு பேச்சும் தொடங்கியது.

நாலைந்து நாளில் நாற்றம் எடுத்தது. ஈ மொய்த்தது. கோவிந்தம்மாள் ஊறுகாய் ஜாடியைப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யாமினி வண்டியில் வந்து பக்கெட்டைப் பார்த்தாள். மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது. விசாரித்ததில் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சொம்புத் தண்ணீரில் சுத்தமாகக் கழுவுகிறாள். போதாததற்குக் காலையில் பினாயிலும் ஊற்றுகிறாள். இதில் என்ன தப்பு?

"ஈரமானா நாறும்மா. பினாயில் ஊத்தினா மக்க வைக்கற உயிரும் சேந்து செத்துப் பூடும்."

"அதுக்குன்னு கழுவாத எந்திரிக்கச் சொல்றியாடி?"

யாமினி சொன்ன முறை காகிதத்தில் துடைத்துக்கொள்கிறவர்களின் முறை. கோவிந்தம்மாள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஜெகநாதன் திரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று நின்றார்.

"ஒரே சேரை வெச்சிக்கினு எதுக்கு அல்லாடறோம்? நம்மகிட்ட நானூறு சேர் கீது."

அன்று மாலைக்குள் இரண்டாவது நாற்காலி வந்தது. அதிலும் ஓட்டை. இரண்டையும் ஒட்டிப் போட்டு, நடுவில் இடித்த கைப்பிடிகளை ரம்பத்தால் அறுத்தார். முதலாவதற்கு அடியில் பக்கெட்டும் மரத்தூளும். இரண்டாவது சிறுநீருக்கும் கழுவுவதற்கும். அதன் அடியில் ஜல்லி, அந்தத் தண்ணீர் போக கிணற்றை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஒரு ஜல்லி வாய்க்கால். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல, வேட்டியோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து காட்டினார். கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் தெரிந்தது.

பை மட்டும் மூடியபடியே இருந்தது. இன்னும் நாலு நாள் பார்ப்பாளாம். நாறினால் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவாளாம்.

நாலாம் நாள் விடிந்ததும் ஜெகநாதன் திரைக்குள் தலையை விட்டார். மூச்சை நன்றாக இழுத்தார். வெளியே வந்து குன்றைப் பார்த்து அறிவித்தார்: "மர மில்லு வாசனைதான் வருது."

கோவிந்தம்மாள் பையைத் திறந்து ஊறுகாய் ஜாடியை எடுத்துப் பரணில் வைத்தாள்.

அந்தப் பருவம் முழுக்க அவள் தோப்பில் இருந்தாள். ஆனியில் கடைசிக் காய் இறங்கியதும் மூலைக் குவியலுக்குச் சருகு போர்த்தினார்கள். அதன்பின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மகளுக்கு போன் வரும். தொறந்து பாக்கட்டா? இன்னும் இல்ல நைனா. சரி, ஒரு ஓரமா?

தை மாதம், கடையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அதில் ஒன்றிலேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அடுத்த பருவத்துக்கும் கோவிந்தம்மாள் தோப்புக்கு வந்தாள். பன்றி விரட்ட ரமணா இருந்தான். ஆனியில் யாமினி சருகை விலக்கி மண்வெட்டியைப் போட்டாள். கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. முதல் மழை விழுந்த தரையின் வாசனை.

கோவிந்தம்மாள் தடியை ஊன்றி, மூட்டு விட்டவரை குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து போனைக் கேட்டாள். எதிர்வீட்டுக்குப் போடச் சொன்னாள். ஊரில் வாயே திறக்காதவளின் குரல் சரிவு முழுக்கக் கேட்டது.

"லட்சுமம்மாக்கா, தொறந்துட்டோம். மண்ணுக்கா, வெறும் மண்ணு. தெருவுல எல்லாருக்கும் சொல்லு."