கயலின் அரைஞாணில் ஒரு வாரம்: பாண்டிக்குப் போய் ஜெயித்து வந்த கதை

விழுப்புரத்துக்காரர்கள் யாரும் பாண்டிக்குப் போய் ஒரு வாரம் தங்கமாட்டார்கள். காலையில் போய் கடற்கரையைப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பிவிடுகிற தூரம்தான். நாங்கள் போன மே மாதம் ஒரு வாரம் முழுசாகத் தங்கினோம். காரணம் என் மகள் கயல். நான்கு வயது. இரண்டு வருடமாக மூட்டுவாதம். "சின்னக் குழந்தைக்குமா?" என்று நீங்களும் கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வரும்.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் குதிக்கிறவள் டாக்டர் அறைக்குள் போனதும் அம்மா இடுப்பில் ஒட்டிக்கொள்வாள். காலைக்கூட நீட்டமாட்டாள். காலையில் மூட்டு இறுகிப்போகிறதா என்று பாண்டி ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டால் நான் ஒன்று சொல்வேன், என் மனைவி செல்வி வேறொன்று சொல்வாள். இறுக்கம் இருந்தால் மருந்து போதவில்லை, வாராவாரம் ஊசி போட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க டாக்டரம்மா தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தார். பெல்ட்டில் வைத்து இடுப்பில் கட்டிவிட்டால் குழந்தை எப்போது, எவ்வளவு அசைகிறது என்று அதுவே பதிந்துகொள்ளும். ஏப்ரலில் ஒரு தடவை முயன்றோம். கயல் பெல்ட்டைக் கழற்றிக் கழற்றி வீசினாள், பதிவு ஒன்றும் தேறவில்லை.

திங்கட்கிழமை காலை 6.40 பஸ். 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 13 ரூபாய். ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கட்டிவிட்டு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "பெட்டி பாண்டிய விட்டு வெளிய போகக் கூடாது, ஒரு வாரம் இங்கயே தங்குங்க. இந்தத் தடவையும் பதிவு இல்லன்னா இனிமே காத்திருக்க முடியாது. ஊசி ஆரம்பிச்சிடலாம்."

முதலியார்பேட்டையில் செல்வியின் தங்கை ரேவதி வீட்டில் தங்கல். ஆட்டோக்காரர் 60 கேட்டார், 40க்கு வந்தார். ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தில் பெல்ட் என் மடியில் வந்து விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரேவதிதான் சிரித்தாள். "மாமா, பெல்ட்ட எந்தப் புள்ள கட்டிக்கும்? இடுப்புல அரைஞாண் கயிறு கெடக்குது, அத என்னைக்காவது கழட்டிப் போட்டிருக்காளா?"

ரவிக்கைத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்தாள். பெட்டியை உள்ளே வைத்து, அரைஞாணோடு ஆடாமல் சேர்த்து ஊக்கு குத்தினாள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். தாராளமாகக் கட்டலாம், குளிக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும் என்றார். கயல் அதைத் தொடவே இல்லை. பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடக்கிற கயிறு, அவளுக்கு அது உடம்பின் ஒரு பகுதி.

தினமும் காலையில் கடற்கரைச் சாலை. ஒரு ஆட்டோக்காரர் பையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்ல மந்திரிச்சது சார்?" என்றார். "டாக்டரம்மா மந்திரிச்சது" என்றேன், பக்தியோடு தலையாட்டினார். சாயங்காலம் பக்கத்து மைதானத்தில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இரும்புக் குண்டு வீசி விளையாடுவார்கள். குறிக்கு வைக்கிற சின்ன மரக்குண்டை எடுத்து வரும் வேலையைக் கயல் பிடுங்கிக்கொண்டாள். "அலே, அலே!" என்று பிரெஞ்சில் 'போ, போ' சொல்லி அவர்கள் கத்த, இவள் ஓட, எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது வினை. ரேவதி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து உட்கார வைத்து இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டாள், பெட்டியோடு. அரைஞாணில் இருப்பதைக் குளிக்கும்போது கழற்றுகிற வழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? செல்வி போட்ட கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். "நானே கட்டிவுட்டு நானே கெடுத்துட்டனே மாமா!" என்று ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள். துடைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்து, மறுபடி கட்டினோம்.

மறு திங்கட்கிழமை டாக்டரம்மா பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். திரை கொஞ்ச நேரம் வெறுமையாகவே இருந்தது. செல்வி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு கறுப்புக் கோடுகள் வரிசையாக எழும்பின. குளியலுக்கு அப்புறமும், வாரம் முழுக்க. ஒவ்வொரு நாளும் எழுந்த உடனேயே கோடு உச்சிக்குப் போயிருந்தது, கண் விழித்ததுமே ஓடியாடியிருக்கிறாள்.

டாக்டரம்மா கயலின் மூட்டுகளையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "காலையில இறுக்கமே இல்லையேம்மா! இப்ப குடுக்கிற மருந்தே போதும். ஊசி வேணாம்." செல்வி அழுதாள். நான் கம்ப்யூட்டருக்கே கும்பிடு போட்டேன்.

இதே வேலையாகப் பாண்டிக்குப் போகிறவர்களுக்கு: உங்கள் குழந்தையும் டாக்டர் முன்னால் சிலையாகிவிடும் என்றால் இப்படி ஒரு பெட்டி உண்டா என்று கேளுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. கிடைத்தால், அந்த வாரம் குழந்தைக்கு விளையாட இடமும் ஆளும் இருக்கிற வீடாகப் பார்த்துத் தங்குங்கள். அரைஞாணில் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளிக்க வைக்கிறவர் யாரோ அவரிடம் மூன்று தடவை சொல்லிவையுங்கள்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் கயல் அம்மா இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, நீளமான நடைவழியில் ஒரே ஓட்டமாக ஓடினாள். எதிரே வந்த நர்ஸம்மா மருந்துத் தட்டோடு ஒதுங்கி நின்று கத்தினார்: "ஏ பாப்பா, ஓடாத! யாரு சார் இந்தப் புள்ளைக்கு அப்பா?"

இரண்டு வருடத்தில் என் மகளை ஓடாதே என்று ஒருவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. "நான்தாங்க!" என்றேன், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி.